ஐயாயிரம் ரூபாய்க்குள் வீட்டில் ஓர் உடற்பயிற்சி மூலை



வீட்டிலேயே உடற்பயிற்சி செய்ய என்ன கருவி வாங்கலாம், எவ்வளவு செலவாகும் என்று உறவினர் பலர் அண்மைக்காலமாக எங்களிடம் கேட்டுவருகின்றனர். எட்டயபுரத்தில் உள்ள எங்கள் வீட்டின் நடு அறையில் ஒரு மூலையை அதற்கென ஒதுக்கியிருப்பதைப் பார்த்துச் சென்றவர்கள் அவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தொலைபேசியில் விளக்குவதைவிட ஒரே முறையாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. நாங்கள் மருத்துவரும் அல்லர், பயிற்சியாளரும் அல்லர். உடன்பிறந்தோர் மூவர், எங்கள் உம்மாவுக்காகத் தேடி, விசாரித்து, விலை பார்த்து வாங்கியவர்கள். அந்த அளவில் இதை வாசித்துக்கொள்ளுங்கள்.

உம்மாவுக்கு வயது 66. சர்க்கரை நோய் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. கடந்த இரண்டு ஆண்டுகளாக நாற்காலியில் அமர்ந்துதான் தொழுதுவருகிறார். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை அது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்று எந்தப் பள்ளிவாசலில் நுழைந்தாலும் ஸஃப்பின் ஓரங்களில் நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஆயினும் ஒரு நாள் இஷாவுக்குப் பின், "தரையில நெத்திய வச்சு ஸஜ்தா செஞ்சு ரெண்டு வருசமாச்சு மக்கா" என்று உம்மா சொன்னபோது எங்களிடம் பதில் இல்லை. பல்வலியைப் பற்றிப் பேசுவதுபோல மிகச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் காலம் இருக்கிறது, முதலில் தொடைத் தசைகளை வலுப்படுத்துங்கள், எடையையும் கொஞ்சம் குறையுங்கள் என்றார். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் பெண்மணி அரை மணி நேரம் ஒதுக்கி நான்கு பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார். மூட்டில் தேய்ந்துபோனது மீண்டும் வளராது, ஆனால் மூட்டைத் தாங்கும் தசை எந்த வயதிலும் வளரும் என்பதே அவர் சொன்னதன் சாரம். முழங்கால் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியே முதல் மருந்து என்று உலகெங்கும் மருத்துவ வழிகாட்டிகள் பரிந்துரைப்பதையும் பின்னர் அறிந்துகொண்டோம்.

இச்செய்தி வளைகுடாவில் இருக்கும் எங்கள் மூத்த காக்காவுக்குப் போயிற்று. மறுநாளே அவர் ஒரு முடிவோடு அழைத்தார். நல்லதாக ஒரு ட்ரெட்மில் வாங்கிவிடுங்கள், 35,000 ரூபாய் அனுப்புகிறேன் என்றார். தொலைவில் இருக்கும் பிள்ளைகளின் பாசம் பெரும்பாலும் பெரிய பொருளாகவே வீடு வந்து சேரும்; அதைத் தடுப்பது எளிதன்று. ஒரு வாரம் பேச வேண்டியிருந்தது. அவரிடம் நாங்கள் எடுத்துவைத்த கணக்கையே இங்கும் எழுதுகிறோம். ஏனெனில் எங்களிடம் கேட்போரில் பாதிப்பேரின் கேள்வியும் ட்ரெட்மில் வாங்கலாமா என்பதுதான்.

ட்ரெட்மில் நடக்கத் தெரிந்தவரை மேலும் நடக்கவைக்கும் பொறி. உம்மாவுக்குத் தேவைப்பட்டதோ உட்காரவும் எழவும் வலு. தொடைக்கு உரிய வேலையைத் தட்டையான பட்டையில் மெதுவாக நடப்பது போதிய அளவு கொடுக்காது. மேலும், கால் மரத்துப்போகும் சர்க்கரை நோயாளிக்கும், நிலைதடுமாறும் முதியவருக்கும் தானாக ஓடும் பட்டை ஆபத்தானது. நடக்க வேண்டுமானால் எங்கள் தெருவே போதும். ஃபஜ்ருக்குப் பின் வெயில் ஏறுமுன் பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து, உமறுப் புலவர் அடக்கத்தலம் வரை போய்வருவது எங்கள் ஊரில் இயல்பாகவே இருக்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம்.

அப்புறம் அந்த மோட்டார் விவகாரம். விளம்பரத்தில் 4 குதிரைத்திறன் என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது ஒரு கணம் எட்டும் உச்சத் திறன். தொடர்ந்து ஓடும் திறன் அதில் பாதியாக இருக்கலாம், அதற்கும் குறைவாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். நம் வீட்டுச் சிறிய பிளக் 6 ஆம்பியர், மின்னழுத்தம் 230 வோல்ட். பெருக்கினால் 1,380 வாட், அதாவது இரண்டு குதிரைத்திறனுக்கும் குறைவு. சிறிய பிளக்கோடு வரும் பொறி நான்கு குதிரைத்திறனில் தொடர்ந்து ஓடவே முடியாது. ஆகவே, தொடர்திறன் எவ்வளவு, தாங்கும் உடல் எடை எவ்வளவு, பட்டையின் நீள அகலம் எவ்வளவு என்ற மூன்றையும் கேட்காமல் யாரும் பணம் கொடுக்க வேண்டாம். தாங்கும் எடையாகக் குறிப்பிடப்பட்டதற்கும் பயன்படுத்துவோரின் எடைக்கும் இடையே இருபது முப்பது கிலோவேனும் இடைவெளி இருக்கட்டும்.

மின்கட்டணம் பெரிய சுமையன்று. சராசரியாக 700 வாட் என்று வைத்தாலும் நாளுக்கு அரை மணி நேரம் ஓட்டினால் இரு மாதத்துக்கு 21 யூனிட்தான் வரும். பழுதுபார்ப்பதுதான் சிக்கல். எங்கள் ஊர் கரிசல் பூமி. ஆடி மாதக் காற்றில் சன்னலைச் சாத்தினாலும் மண் உள்ளே வந்து படியும். அந்தப் புழுதி பட்டைக்கு அடியில் புகுந்தால் உராய்வு கூடி மோட்டார் சூடேறும். பட்டைக்குச் சிலிக்கோன் எண்ணெய் விட வேண்டும், தளர்ந்தால் இழுத்துக்கட்ட வேண்டும். பலகை எரிந்துபோனால் பழுதுபார்ப்பவர் மதுரையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வர வேண்டும். தூத்துக்குடியில் உள்ள எங்கள் உறவினர் வீட்டில் 2020 ஊரடங்கின்போது வாங்கிய ட்ரெட்மில் ஒன்று இருக்கிறது. கடற்காற்றில் கைப்பிடிக் குழாய்கள் துருவேறிவிட்டன. அதன்மீது இப்போது துவைத்த துணி காய்கிறது.

சிறு குழந்தைகள் உள்ள வீடாயின் இன்னும் ஒருபடி யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தன் ட்ரெட் பிளஸ் என்ற பொறியை, ஒரு குழந்தை இறந்ததையும் எழுபதுக்கு மேற்பட்ட விபத்துகளையும் தொடர்ந்து, 2021 மே மாதம் திரும்பப் பெற நேர்ந்தது. ஏறத்தாழ 1,25,000 பொறிகள். விலை உயர்ந்த பொறிக்கே அந்த நிலை. பட்டைக்கும் உருளைக்கும் இடையில் விரல் சிக்கினால் தோல் உரிந்துவிடும். வாங்கியே தீருவோம் என்போர் பாதுகாப்புச் சாவியைப் பயிற்சி முடிந்ததும் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

காக்கா ஒருவாறு ஒப்புக்கொண்டார். "அப்ப என்னதான் வாங்கப்போறீங்க, ஒரு லிஸ்ட்டு போட்டு அனுப்புங்க" என்றார். ஐயாயிரத்தைத் தாண்டக்கூடாது என்று எங்களுக்குள் வரம்பு வைத்துக்கொண்டோம்.

வீட்டில் ஏன் செய்ய வேண்டும், வெளியே கூடங்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. எங்கள் இளைஞர்கள் போகத்தான் செய்கிறார்கள். பெண்களுக்குத் தனி நேரம், பெண் பயிற்சியாளர், மறைப்பான இடம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைவது சிற்றூர்களில் அரிது. அமைந்தாலும் சமையல், பிள்ளைகளின் பள்ளி, முதியோர் கவனிப்பு எல்லாம் முடிந்து ஒரு பெண் பேருந்தேறிப் போய்வர நேரமேது? லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2024இல் வெளியான ஆய்வின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். ஆண்களில் 42 பேர். இந்த இடைவெளியை நம் பெண்களின் சோம்பல் என்று சொல்பவர்கள் ஒரு நாள் அவர்களுடைய காலை வேலையைச் செய்து பார்க்கட்டும். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதும், முதலில் அன்னையார் முந்தியதும், பிற்காலத்தில் உடல் சற்றுப் பருத்தபோது பிந்தியதும் அபூதாவூதில் பதிவாகியிருக்கின்றன. மனைவியின் உடல்நலத்துக்கும் மகிழ்ச்சிக்கும் தம் நேரத்தை ஒதுக்கிய செய்தியாகவே நாங்கள் அதைப் பார்க்கிறோம். கருவி வாங்கிக்கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேறொரு பேச்சும் உண்டு: அம்மியும் ஆட்டுக்கல்லும் போனதால்தான் நோய் வந்தது, அவற்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்பார்கள். அப்படிச் சொல்வோர் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பதைக் கண்டிருக்கிறோம். எங்கள் உம்மா முப்பது ஆண்டுகள் ஆட்டுக்கல்லில் அரைத்தவர்தான். தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவர்தான். அந்த முழங்கால்தான் இன்று தேய்ந்திருக்கிறது. ஓய்வில்லாத உழைப்பு வேறு, அளவறிந்து செய்யும் பயிற்சி வேறு. பயிற்சியில் சுமையை நாம் தீர்மானிக்கிறோம், வலித்தால் நிறுத்துகிறோம், மறுநாள் ஓய்வு கொடுக்கிறோம். அந்த உரிமை ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்த பெண்ணுக்கு இருந்ததில்லை.

இனிப் பட்டியலுக்கு வருவோம். முதல் கருவி வீட்டிலேயே இருந்தது: ஒரு மரநாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், கால் விரியும், வேண்டவே வேண்டாம். பின்பக்கம் சுவரோடு ஒட்டிப் போட்ட கனமான மரநாற்காலியில் அமர்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக மீண்டும் அமர்வது; இதுவே உம்மாவின் முதன்மைப் பயிற்சி. இதையே ஒரு சோதனையாகவும் பயன்படுத்துகிறார்கள். இருக்கை 43 சென்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு, முப்பது விநாடிக்குள் எத்தனை முறை முழுமையாக எழ முடிகிறது என்று எண்ண வேண்டும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அளவுப்படி, 65 முதல் 69 வயதுவரை உள்ள பெண்ணால் 11 முறைகூட எழ முடியாவிட்டால் சராசரிக்குக் குறைவு. அந்த வயது ஆணுக்கு அந்த எண் 12. உம்மா முதல் நாள் ஆறு முறை எழுந்தார். ஆறாவதில் கை தானாக நாற்காலியின் விளிம்பைத் தேடிற்று.

பிசியோதெரபிஸ்ட் சொன்ன ஒரு நுட்பம் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இருக்கையின்மேல் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டச் சொன்னார். உயரமான இருக்கையிலிருந்து எழுவது எளிது. பன்னிரண்டு முறை சிரமமின்றி எழ முடிந்ததும் ஒரு மடிப்பைக் குறைக்க வேண்டும். எல்லா மடிப்பும் போனபின் நாற்காலியிலிருந்து முக்காலிக்கும், முக்காலியிலிருந்து மணைக்கும் இறங்க வேண்டும். மணை தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரந்தான். அதிலிருந்து எழ முடிந்தவருக்குத் தரை வெகுதூரமில்லை. இந்தப் படிக்கட்டு முழுவதற்கும் நாங்கள் செலவழித்தது ஒன்றுமில்லை. கடையில் விற்கும் எந்தப் பொறியைக் காட்டிலும் உம்மாவுக்கு அதிகம் பயன்பட்டது இதுதான்.

இரண்டாவது, வழுக்காத விரிப்பு. ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள யோகா மேட் ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கினோம். பத்தமடைப் பாய் இருக்கிறதே என்று வாப்பா கேட்டார். பத்தமடைப் பாயின் அருமை அறியாதவர்கள் அல்லர் நாங்கள். நம் சமுதாயத்துக் கைகள் நெய்யும் பாய் அது. ஆனால் கோரைப்பாய் டைல்ஸில் சறுக்கும். முஸல்லாவையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். வியர்வையும் செருப்புத்தூசியும் படும் வேலைக்குத் தனி விரிப்பு இருப்பதே முறை. மிகவும் மெத்தென்ற தடித்த விரிப்பையும் தவிர்த்துவிடுங்கள், முதியவர்களின் கால் அதில் புதைந்து தடுமாறும்.

மூன்றாவது, ரப்பர் பட்டைகள். வளையமாக உள்ள ஐந்து பட்டைகளும், கைப்பிடி வைத்த நீண்ட பட்டை ஒன்றும் சேர்ந்து 480 ரூபாய். விலைக்கும் பயனுக்கும் உள்ள விகிதத்தில் இதற்கு ஈடான கருவி இல்லை என்பது எங்கள் கருத்து. மடித்தால் ஒரு டிபன் பெட்டிக்குள் அடங்கும், விழுந்து காலை நசுக்காது, சத்தம் இல்லை. இழுக்க இழுக்கச் சுமை கூடும். கட்டில்காலில் மாட்டிக் காலால் நீட்டலாம், சன்னல் கம்பியில் மாட்டிக் கையால் இழுக்கலாம். நிறத்தைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். ஒரு நிறுவனத்தின் சிவப்பு மெல்லியது, இன்னொன்றின் சிவப்பு கடினமானது. பொதுவான தரம் கிடையாது. ரப்பர் வெயிலிலும் வெப்பத்திலும் கெட்டுவிடும். எங்கள் ஊர் சித்திரை மாதத்தைச் சொல்ல வேண்டியதில்லை. முகத்துக்குப் போடும் பவுடரைச் சிறிது தடவி, இருட்டான பெட்டியில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்து, சிறு வெடிப்புத் தெரிந்தாலும் தூக்கி எறிந்துவிடுங்கள். அறுந்து முகத்தில் அடித்தால் கண்ணுக்குக் கேடு. கதவில் மாட்டுவதாயின், கதவு மூடும்போது உங்கள் பக்கம் திறக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

டம்பெல்ஸ் வாங்குவதில் ஓர் உண்மையைத் தெரிந்துகொண்டால் போதும். மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் உறையிட்டவற்றின் உள்ளே இருப்பது சிமெண்ட் கலவை. எடை சரியாக இருக்கும். பருமன்தான் கூடுதல், கீழே போட்டால் விரிசல் விடும். வீட்டுப் பயன்பாட்டுக்கு அது குற்றமில்லை. மூன்று கிலோ வீதம் ஒரு ஜோடி 660 ரூபாய்க்கு வாங்கினோம். அதற்கும் குறைந்த எடைக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை: ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோ, அதே பாட்டிலில் உலர்ந்த மணலைக் கெட்டித்து நிரப்பினால் ஏறத்தாழ ஒன்றரை கிலோ. காலில் கட்டும் எடைப்பட்டையை எங்கள் ராத்தா பழைய ஜீன்ஸ் துணியில் தைத்துவிட்டார், ஆளுக்கு அரைக்கிலோ மணல். அதிக எடை வேண்டுவோர் பழைய இரும்புக் கடையை எட்டிப் பாருங்கள். மின்னணுத் தராசுகள் வந்தபின் மளிகைக் கடைகளும் பருத்திக் கமிஷன் கடைகளும் எடைக்கற்களைக் கழித்துப் போட்டுவிட்டன. பிடி உள்ள பத்துக் கிலோ, இருபது கிலோ கற்கள் கிடைத்தால் கிலோக்கணக்கில் பழைய இரும்பு விலைக்கே வாங்கலாம். துருவைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் போதும். நெல்லைச் சீமைக் கிராமங்களில் பொங்கலின்போது இன்றும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். அந்த வகையில் பார்த்தால் கல்லைத் தூக்கிப் பழகுவது நமக்குப் புதிதில்லை.

நான்காவது, உட்கார்ந்தபடியே மிதிக்கும் சிறிய பெடல் கருவி. விலை 1,850 ரூபாய். உண்மையில் இதை வாங்கியது வாப்பாவுக்காக. இஷாவுக்குப் பின் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்துவிடுபவர் அவர். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் காலை அசைத்தால் இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் மட்டுப்படும் என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. செய்தி கேட்டுக்கொண்டே மிதிக்கிறார். இரண்டு குறைகள்: மேட்டின்மேல் வைக்காவிட்டால் மிதிக்க மிதிக்க முன்னால் நகர்ந்து போகும், தொடர்ந்து மிதித்தால் நடுத்தண்டு சூடேறும், பிள்ளைகள் தொடக்கூடாது. இதில் வரும் சிறிய திரை காட்டும் கலோரிக் கணக்கை நம்ப வேண்டாம். அது எவருடைய எடையையும் கேட்டதில்லை.

ஐந்தாவது, கதவு நிலைக்கு மேலே தொங்கும் இரும்புக் கம்பி. பதினாறு வயதான எங்கள் மருமகனின் வேண்டுகோள் அது. கைப்பேசியில் பார்க்கும் உடல்கட்டுக் காணொளிகளில் மயங்கிப் புரதப்பொடி கேட்டுக்கொண்டிருந்தான்; பொடிக்குப் பதிலாகக் கம்பி என்று உடன்பாடாயிற்று. கடையில் விற்கும் திருகிப் பொருத்தும் கம்பிகள் பழைய சுண்ணாம்புச் சுவரில் நிற்கா. வெல்டிங் பட்டறையில் ஒன்றேகால் அங்குலக் குழாயை வாங்கிக்கொடுத்து, இரு முனையிலும் தகடு வைத்துப் போல்ட் அடித்ததில் கூலியோடு 700 ரூபாய் ஆயிற்று. இன்று அவன் நான்கு முறை மேலே எழுகிறான். முட்டையும் கடலையும் தின்கிறான். கோவில்பட்டி பக்கத்தில் இருக்கக் கடலைக்கா பஞ்சம்?

எல்லாம் சேர்த்து 4,340 ரூபாய். ஸ்கிப்பிங் கயிறு வாங்கவில்லை. முழங்கால் வலியுள்ள வீட்டில் அது ஒருவருக்கும் உதவாது. வயிற்றைக் குறைக்கும் பெல்ட், அதிரும் பலகை போன்றவற்றைப் பற்றி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

தவணைமுறை குறித்து ஒரு சொல். பெரிய பொறிகளை வட்டியில்லாத் தவணையில் தருவதாகக் கடைகளிலும் இணையத்திலும் சொல்கிறார்கள். இத்தகைய திட்டங்களில் வட்டி மறைக்கப்பட்டு, சேவைக் கட்டணம் போன்ற வடிவில் வாடிக்கையாளரிடமே வசூலிக்கப்படுவதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறது. முழுப்பணம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்த வித்தியாசம் என்னவென்று விளங்கிக்கொள்ளலாம். மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேளுங்கள். கையில் உள்ள பணத்துக்குள் வாங்கினால் அந்தக் கேள்வியே எழாது என்பதால் நாங்கள் அவ்வழியே சென்றோம்.

எவ்வளவு செய்ய வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் திருத்தி வெளியிட்ட அளவைக் கைக்கொண்டோம்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி, 65 வயதைக் கடந்தோர்க்குக் கூடுதலாக மூன்று நாள் சமநிலைப் பயிற்சி. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையை அந்தத் திருத்தத்தில் நீக்கிவிட்டார்கள். குடும்பப் பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். உலை கொதிக்கும் நேரத்தில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதும் கணக்கில் சேர்கிறது.

உம்மாவுக்கு அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்துக்கொண்டோம். அறையைச் சாத்திவிட்டு ராத்தாவும் உம்மாவும் சேர்ந்து செய்வார்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்போர்க்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடலாம். எது எந்த மாத்திரை என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொண்டோம், அலமாரியில் எப்போதும் சீனி இருக்கிறது. எடை தூக்கும்போது மூச்சை அடக்கக்கூடாது, இரத்த அழுத்தம் எகிறும். ரமலானில் பகல் பயிற்சியை நிறுத்திவிட்டு, தராவீஹுக்குப் பின் பத்து நிமிடம் என்று மாற்றிக்கொண்டோம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் கருவியைப் பற்றி யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. உம்மா இரண்டு முறை கோபித்துக்கொண்டு விட்டுவிட்டார். ஏழாவது வாரத்தில் ஜமுக்காளத்தின் கடைசி மடிப்பு போயிற்று. இப்போது எட்டு மாதம் ஆகிறது. முப்பது விநாடிக்குப் பன்னிரண்டு முறை எழுகிறார். சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது, எடை இரண்டு கிலோதான் குறைந்தது. முழங்கால் வலி போய்விடவில்லை. மழைக்காலத்தில் நன்றாகவே வலிக்கிறது. ஃபஜ்ரையும் ளுஹரையும் தரையில் ஸஜ்தா செய்து தொழுகிறார், அல்ஹம்துலில்லாஹ். எழும்போது ஒரு கை கட்டிலைப் பிடித்துக்கொள்ளும். மாலையில் கால் வீங்கிவிடுவதால் மற்ற வேளைகளுக்கு நாற்காலிதான். இதற்குமேல் வருமா என்று பிசியோதெரபிஸ்ட் வாக்களிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பெடல் கருவி இப்போது எங்கள் வீட்டில் இல்லை. அடுத்த தெருவில் ஒரு மாமிக்கு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து, மருத்துவர் காலை மெதுவாக அசைக்கச் சொல்லியிருப்பதால் ஆறு வாரத்துக்குக் கொடுத்திருக்கிறோம். வாப்பா இஷாவுக்குப் பின் திண்ணைக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருக்கிறார், கருவி எப்போது வரும் என்று தினமும் கேட்கிறார். காக்கா மீதிப் பணத்தில் இன்னொன்று வாங்கச் சொல்கிறார். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் கோவில்பட்டிக்குப் போய்ப் பார்த்துவர வேண்டும். இம்முறை அடியில் ரப்பர் கால் அகலமாக உள்ளதாகப் பார்த்து எடுப்போம், இன்ஷா அல்லாஹ்.